பொட்டு வைத்த எஞ்சின்

கண்ணுகளா, மாட்டுக்கொட்டகைப் பரண்மேல் மஞ்சள் துணி போர்த்திய ஒரு நீளச் சட்டம் கிடக்கிறதே, அதைப் படகு என்று சொல்லி நீங்கள் மூன்று பேரும் ஏறி உட்கார்ந்து துடுப்புப் போட்டிருக்கிறீர்கள். அது படகு இல்லை. ஆகாய விமானத்தின் ஒரு பக்க இறக்கை. இன்னொரு பக்கம் ஒடிந்து வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது. அம்மாவிடம் கேட்டால் "உங்கப்பனையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். நீங்களும் கேட்டுவிட்டீர்கள். வாயால் சொன்னால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், உங்களில் மூத்தவள் தொட்டிலில் கிடந்த காலம். எலப்புள்ளியில் நான் பம்புசெட்டு ரிப்பேர்க் கொட்டகை போட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்பு வண்டிப்பெரியாரில் ஒரு தேயிலை பேக்டரியில் பிட்டருக்குக் கையாளாக இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். பாலக்காட்டில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பாயிடம்தான் எனக்கு வேண்டிய போல்ட், பேரிங் எல்லாம் வாங்குவேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஓயாமல் பேசுவார், ஆள் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். அவருடைய தம்பி கல்ஃபிலிருந்து வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார்.

பெட்டிக்குள் ரேடியோ செட்டு. பாட்டு கேட்கும் ரேடியோ அல்ல. கையில் பிடிக்கிற பெட்டி ஒன்று, அதில் ஆள் உயரத்துக்கு இழுத்துவிடும் ஏரியல், கட்டைவிரலால் அசைக்க இரண்டு குச்சிகள். குச்சியை அசைத்தால் தூரத்தில் இருக்கும் இன்னொரு சின்னப் பெட்டி அதைக் கேட்டு, விமானத்தின் வாலையும் இறக்கை விளிம்பையும் திருப்பும், எஞ்சின் வேகத்தையும் கூட்டிக் குறைக்கும். கூடவே ஒரு குட்டி விமானமும், கட்டைவிரல் பருமனில் ஒரு எஞ்சினும்.

பாய் அதைக் கடைக்குப் பின்னால் இருந்த காலிக் களத்தில் பறக்கவிட்டுப் பழகினார். கை நன்றாக வந்துவிட்டது. ஆனால் நம் ஊர்க் காற்று இருக்கிறதே, மலை இரண்டு பக்கமும் நின்று வழிவிட்ட இடத்தில் பாய்கிற காற்று, அது குட்டி விமானத்தைச் சருகு மாதிரி தூக்கிக் கொண்டுபோய்ப் பனைமரத்தில் மாட்டிவிடும். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ எஞ்சினில் செருகும் பிளக்கும் கருகிப்போயிற்று. அந்தப் பிளக்கு கோயம்புத்தூரில் எந்தக் கடையிலும் இல்லை.

"சின்னதா இருந்தா காத்து தூக்கும். பெருசா கட்டினா காத்தே வழி உடும்" என்றார் பாய். அப்படித்தான் ஒன்பதடி இறக்கை வைத்த விமானத்தை என் கொட்டகையில் கட்ட ஆரம்பித்தோம்.

மரம் கிடைப்பதில் தொந்தரவு இல்லை. தீப்பெட்டிக்கு வெட்டுகிற மட்டி மரம் லேசானது. பலம் வேண்டிய இடத்துக்குத் தேயிலை அடைத்து வரும் பெட்டியின் பிளைவுட் பலகை. விளிம்புக்கு மூங்கில் பிளாச்சு. மேலே மல்துணி போர்த்தி, தறிக்காரர்கள் பாவுக்குப் போடுகிற மாதிரி கஞ்சி காய்ச்சித் தடவி, காய்ந்ததும் வார்னிஷ் அடித்தோம். துணி முரசுத் தோல் மாதிரி விறைத்து நின்றது. உங்கள் அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒரு நாள் விரலால் அதைச் சுண்டிப் பார்த்துவிட்டு, கஞ்சிக்கு இவ்வளவு அரிசியா என்று மட்டும் கேட்டாள்.

சிக்கல் எஞ்சினில்தான். மொபெட் எஞ்சினைத் தூக்கிப் பார்த்தோம். விமானம் முன்பக்கம் குப்புற விழுந்துவிடும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பம்புக்கு வைக்கிற மண்ணெண்ணெய் எஞ்சினை நினைத்தே பார்க்கவேண்டாம். அப்போதுதான் எனக்கு எஸ்டேட்டில் முதுகில் கட்டிக்கொண்டு மருந்தடிப்பார்களே, அந்த மெஷின் ஞாபகம் வந்தது. தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் விழாமல் மழைக்காலம் முழுக்க அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதில் இருப்பது பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓடும் சின்ன எஞ்சின். ஒரு ஆள் முதுகு தாங்குகிற எடை. காற்றடிக்கும் விசிறியையும் கூட்டையும் கழற்றினால் இன்னும் குறையும்.

வண்டிப்பெரியாரில் என்னோடு பழகிய ஒருவன், என்னைவிட இளையவன், தம்பி என்றே கூப்பிடுவேன், அங்கே மருந்தடிக்கும் ஆளாக இருந்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவன் தாத்தா காலத்தில் மலைக்கு வந்த குடும்பம். அவனுக்குச் சொல்லியனுப்பினேன். கோடையில் மெஷின்கள் ஸ்டோரில் சும்மா கிடக்கும் என்பதால், தன் மெஷினின் எஞ்சினை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு அவனே பஸ் ஏறி வந்துவிட்டான். ஸ்டோரில் யாரிடமும் கேட்கவில்லை. வந்ததும் கொட்டகையில் உட்கார்ந்து இரண்டு விஷயம் சொன்னான்.

"அண்ணே, மழைக்கு முன்னால இது ஸ்டோருக்கு வந்துரணும். மொத மருந்தடி அன்னிக்கு பீல்டு ஆபீசர் முன்னால அவனவன் மெசினை அவனவன் இழுத்துக் காட்டணும். என் மெசினுல சத்தம் வரலைன்னா எனக்கு வேலை இல்ல. வேலை இல்லைன்னா லயத்துல வீடும் இல்ல. ரெண்டு பிள்ளையளையும் கூட்டிட்டு நான் எங்க போவ?"

லயம் என்பது எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுத்திருக்கும் வரிசை வீடு. இரண்டாவது, எஞ்சினின் பெட்ரோல் திருகு. எவ்வளவு பெட்ரோல் உள்ளே போகவேண்டும் என்பதை அந்தத் திருகுதான் அளக்கும். அதன் தலையில் அரத்தால் ஒரு கீறல் போட்டு, அதே நேருக்கு எஞ்சின் உடம்பிலும் ஒரு கீறல் போட்டிருந்தான். மேலே சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு. ஆயுத பூஜை அன்று திருகை வைத்துப் பொட்டு இட்டால் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அந்த எஸ்டேட்டில் மருந்தடிப்பவர்கள் எல்லோருக்கும் அது வழக்கம். அடுத்தவன் திருகைத் தொட்டு அடிதடி ஆனதுகூட உண்டாம்.

பாய் சிரித்துக்கொண்டே, "எஞ்சினுக்குத் திருஷ்டிப் பொட்டு வேறயா" என்றார்.

"திருஷ்டிப் பொட்டு கறுப்புல்லா பாய். இது செவப்பு. தொட்ராதிய."

நாங்கள் தொடவில்லை. அது அவன் பிழைப்பு, அவன் பொட்டு.

எஞ்சினை முன்னால் பூட்டினோம். பூவரசு மரத்தில் நானே செதுக்கிய விசிறி. தரையில் ஸ்டார்ட் செய்தபோது வேறொரு வினை. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் விமானத்தின் வால் தானாக உதற ஆரம்பித்தது, குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரி. பாய் குச்சியைத் தொடவே இல்லை. ஸ்பார்க் பிளக்கில் அடிக்கிற பொறியை அந்தச் சின்னப் பெட்டி சேதி என்று எடுத்துக்கொள்கிறது. பிளக்கு வயருக்குக் கம்பி வலை சுற்றி எஞ்சினோடு சேர்த்துக் கட்டி, பெட்டியை வால் பக்கம் தள்ளி வைத்த பிறகு உதறல் நின்றது. பாய் பெட்டியை எடுத்துக்கொண்டு வயல் கடைசிவரை நடந்துபோய்க் குச்சியை அசைத்தார். வால் சொன்னபடி கேட்டது.

ஆனாலும் எஞ்சின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாகத்தான் ஓடியது. ஆனால் குரல் ஒல்லியாக இருந்தது. சூடும் அதிகம். தம்பியிடம் கேட்டால் மலையில் அப்படி இல்லை என்றான். பாயும் நானும் யோசித்து, சூட்டுக்கு எண்ணெய்தான் மருந்து என்று பெட்ரோலில் எண்ணெயைக் கூடக் கலந்தோம். எண்ணெய் கூடினால் அதே அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது என்று அன்றைக்கு எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா மூத்தவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தாள். தம்பி காதில் விழாதபடிக்கு, "ஏனுங்க, மலைமேல அந்தப் பொண்ணு ரெண்டு கொழந்தைய வெச்சிருக்குதுங்க. அதை மனசுல வெச்சுக்கிட்டு உடுங்க" என்றாள்.

தம்பிக்கு லீவு முடிகிற நாள். மறுநாள் அவன் வேலைக்கு நிற்கவேண்டும். எஞ்சினையும் அன்றே கொண்டுபோக வேண்டும். பறக்கவிட அந்த ஒரு காலைதான் இருந்தது. வேலந்தாவளத்துக்கு மேற்கே கோடையில் வற்றிப்போன ஏரி ஒன்று பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதுதான் எங்கள் மைதானம். ஏரிக்கரைக்குக் கிழக்கே ரோடு. அன்று மாட்டுச் சந்தை என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. விடிந்ததும் பறக்கவிட்டுச் சந்தைச் சனம் வருமுன் எடுத்துவிடலாம் என்ற எண்ணம்.

எஞ்சின் எங்கள் எண்ணத்துக்கு வரவில்லை. எண்ணெய் கூடிய பெட்ரோலில் பிளக்கு நனைந்து நனைந்து அடைத்தது. துடைத்து மாட்டினால் இருமிவிட்டு நிற்கும். கயிற்றை இழுத்து இழுத்துத் தம்பிக்குத் தோள் ஓய்ந்துவிட்டது. பொழுது ஏறி மேல்காற்று வீச ஆரம்பித்தது. கரைக்கு அந்தப் பக்கம் மாட்டு மணிச் சத்தமும் ஓட்டுகிறவர்கள் அதட்டலும் கேட்டன. போதும், கழற்றிவிடலாம் என்று நான் சொல்ல வாயெடுத்த நேரம் எஞ்சின் பிடித்துக்கொண்டு அலறியது.

பாய் என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் வாலைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டான்.

காற்றுக்கு எதிரே, மேற்கு முகமாக ஓடி, ஏரியின் நடுவை எட்டுமுன்பே சக்கரம் தரையை விட்டது. அவ்வளவு பெரிய சாமான் அவ்வளவு மெதுவாக ஏறும் என்று நான் நினைக்கவில்லை. மஞ்சள் இறக்கை வெயிலில் பளபளத்தது. கொஞ்ச நேரம், ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட இருக்காது, மூன்று பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம். பாய் வளைத்துத் திருப்பினார். திரும்பியதும் காற்று பின்னால் பிடித்துத் தள்ளியது. தலைக்கு மேலே வந்தது, தாண்டியது, கரையையும் தாண்டி ரோட்டுக்கு மேலே போய்விட்டது.

அப்போதுதான் குரல் மாறியது. ஒல்லியாக இருந்தது கீச்சென்று ஆகி, பிறகு இறங்க ஆரம்பித்தது. ஏற்றத்தில் லாரி திணறுகிற மாதிரி.

பாய்க்கு விமானத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது. என்னைத்தான் கேட்டார். "மேஸ்திரி, சத்தம் எப்படி இருக்குது?"

"காயுதுங்க பாய். புடிச்சுக்கப் பாக்குது."

பிஸ்டன் சூட்டில் பருத்து உருளையோடு ஒட்டிக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்வோம். பிடித்துவிட்டால் எஞ்சின் போயிற்று. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டால் ஆறிவிடும், பிழைத்துக்கொள்ளும்.

"கொறைச்சுரட்டா?"

 நான் கரைமேல் ஏறிப் பார்த்தேன், மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். கீழே ரோடு முழுக்க மாடும் ஆளும். வேகத்தைக் குறைத்தால் அந்தக் காற்றுக்கு எதிரே அது திரும்பி வராது. சுற்றுகிற விசிறியோடு அங்கேயே இறங்கும். ஒரு காளை மிரண்டால் போதும். ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருத்தர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சினை ஓடவிட்டால் விமானம் திரும்பி வரலாம். ஆனால் எஞ்சின் போய்விடும். எஞ்சினோடு என் பக்கத்தில் நிற்கிறவனின் வீடும். ஒன்றைச் சொன்னால் மற்றது போய்விடும். 

தம்பிதான் சொன்னான். சத்தம் போடாமல், பக்கத்தில் நிற்கிறவரிடம் தண்ணீர் கேட்கிற மாதிரி சொன்னான்.

"முழுசாக் குடுங்க பாய். கீழ சனம் நிக்கி. மெசினைப் பாக்காதிய."

பாய் குச்சியை முழுக்கத் தள்ளினார். விமானம் கிழக்கே சாய்ந்து வளைந்து எங்களைப் பார்த்துத் திரும்பியது. காற்றில் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. எஞ்சின் அழுதுகொண்டு வந்தது. ரோட்டைக் கடந்தது. கரைக்கு நேர் மேலே வந்தபோது வெடுக்கென்று சத்தம் நின்றது. விசிறி சுற்றாமல் குறுக்கே ஒரு கட்டையாக நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து ஏரிக்குள் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது. இடது இறக்கை ஒடிந்தது. கரையில் நின்ற சந்தைக்காரர்கள் யாரோ கைதட்டினார்கள்.

தம்பி ஓடிப்போய் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துவிட்டான். சுட்டுவிட்டது. கையை உதறிக்கொண்டு மறுபடியும் வைத்தான்.

பனைமர நிழலில் போட்டுப் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தோம். விசிறியைப் பிடித்து அசைத்தால் கல்லில் அடித்த ஆப்பு மாதிரி நின்றது. பாய் தொழுகைக்கு நேரமானபோது கொஞ்சம் தள்ளிப்போய்த் துண்டை விரித்துத் தொழுதுவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். வெயில் சாய்ந்தபோது எஞ்சின் ஒரு நூல் அசைந்தது. பிறகு ஒரு சுற்று. உள்ளே மணல் அரைக்கிற சத்தம்.

அன்றைக்கே தம்பி வெறும் சாக்கோடு பஸ் ஏறினான். கையில் வாழைப்பட்டை சுற்றியிருந்தது. ஜன்னல் வழியே, "கொண்டாந்துருவியள்லாண்ணே" என்றான். மழைக்கு முன்னால் வந்துவிடும் என்றேன்.

பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் அலுமினியம் உருகி உருளைச் சுவரில் ஈஷியிருந்தது. எமரித் தாளால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். பாய் கோயம்புத்தூர் முழுக்க அலைந்து அளவுக்கு ஒரு ரிங்கு கொண்டுவந்தார். பூட்டி ஓட்டினால் மறுபடியும் அதே ஒல்லிக் குரல், அதே சூடு. இனிமேலும் பொட்டைக் காப்பாற்றினால் எஞ்சின் மிஞ்சாது என்று தெரிந்துவிட்டது. சிவப்புப் பெயிண்டைச் சுரண்டித் திருகைக் கொஞ்சம் திறந்தேன். குரல் தடித்தது. சூடு இறங்கியது. காலையில் ஆரம்பித்துப் பெட்ரோல் தீரும்வரை ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை.

அதற்குள் குமுளிப் பக்கம் மேகம் இறங்கிவிட்டது என்று பாய் கடைக்குச் சரக்கு கொண்டுவந்த லாரிக்காரர் சொன்னார். இடவப்பாதி மழை, வைகாசி முடிவில் பிடிக்கிற தென்மேற்கு மழை, அந்த வருஷம் காத்திருக்கவில்லை. எஞ்சினைச் சாக்கில் கட்டி, ஒரு சதுர எண்ணெய் டின்னையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வண்டிப்பெரியாரில் இறங்கும்போது தூறிக்கொண்டிருந்தது. விடிந்தால் முதல் மருந்தடி என்றான் தம்பி. அவன் மனைவி கஞ்சி கொடுத்தாள்.  எஞ்சின் சாக்கை நனையாமல் உள்ளே இழுத்து வைத்தாள்.

காலையில், ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு எல்லோரும் போகுமுன், லயத்துக்குப் பின்னால், ஸ்டோரிலிருந்து அவன் எடுத்து வைத்திருந்த மெஷினில் பூட்டி இழுத்தோம். ஸ்டார்ட் ஆனது. ஆனால் குப்பென்று வெள்ளைப் புகை, தொண்டையில் தண்ணீர் அடைத்த மாதிரி குளுகுளுவென்று ஓடிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தான். அதேதான். எலப்புள்ளியில் காலை முழுக்க ஓடிய எஞ்சின். பிளக்கை மாற்றினேன். பெட்ரோலை மாற்றினேன்.  மணி அடித்துவிட்டார்கள். மற்றவர்களின் மெஷின்கள் ஒவ்வொன்றாக அலறுவது கேட்டது. வாசலில் அவன் மனைவி பெரியவனின் தலையைத் துவட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி குனிந்து திருகைப் பார்த்தான். பொட்டு இல்லை. கீறலும் கீறலும் நேராக இல்லை. கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"அண்ணே, இதை நான் இங்க நின்னுல்லா வச்சேன்" என்றான். "இந்தக் காத்துல நின்னு வச்சேன்."

அந்த வார்த்தை எனக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. முதல்முதல் மலைக்கு வந்த வருஷம் சோறு வேக எவ்வளவு நேரம் பிடித்தது, ஏற்றத்தில் எப்படி மூச்சு வாங்கியது என்பதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஞாபகம் வந்தன. இங்கே காற்று மெலிசு. மெலிந்த காற்றுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். எங்கள் ஊர்க் காற்று கனம், அதற்குக் கூட வேண்டும். அவன் பொட்டு இங்கே சரி, அங்கே தப்பு. என் திருகு அங்கே சரி, இங்கே தப்பு.

எதுவும் விளக்கிச் சொல்ல நேரமில்லை. திருகைத் திருப்பிக் கீறலோடு கீறலைச் சேர்த்தேன். தம்பி கயிற்றை இழுத்தான். கொஞ்சம் இருமியது, பிறகு தெளிந்த குரலில் ஓட ஆரம்பித்தது. அவன் அதை அணைக்கவே இல்லை. ஓடுகிற மெஷினை அப்படியே முதுகில் மாட்டிக்கொண்டு ஓடினான். நான் வேலி ஓரமாக நின்று பார்த்தேன். பீல்டு ஆபீசர் குடைக்குள்ளிருந்து தலையை ஆட்டினார். அடுத்த ஆளைப் பார்த்தார். தம்பி வரிசையோடு தேயிலைக்குள் இறங்கிப் பனியில் மறைந்தான். சத்தம் மட்டும் நெடுநேரம் தனியாகக் கேட்டது.

வேறு எஞ்சின் தேடி அந்த விமானத்தை நாங்கள் மறுபடி கட்டவில்லை. 

திரும்பும்போது எண்ணெய் டின்னில் மிச்சம் இருந்ததைத் தம்பி வீட்டில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வாடை அடிக்காமல் இருக்க மூடியை இறுக்கித் திருகிப் பைக்குள் போட்டிருந்தேன். எலப்புள்ளி வந்து கொட்டகையில் பையைக் கொட்டியபோது பார்த்தேன்: டின்னின் நான்கு பக்கமும் உள்ளே ஒட்டிப்போயிருந்தது. பஸ்ஸில் யாரோ மிதித்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். மிதித்தால் நான்கு பக்கமும் ஒரே மாதிரி ஒட்டாது. அம்மா கிணற்றடியில் இருந்தாள். நீ, மூத்தவளே, தூங்கிக்கொண்டிருந்தாய். நான் ஒடிந்த இறக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு, மலையில் இறுக்கிய மூடியை மெதுவாகத் திருகித் திறந்தேன். உஸ் என்று நம் ஊர்க் காற்று உள்ளே போயிற்று. டக், டக் என்று ஒவ்வொரு பக்கமாக நிமிர்ந்தது.